காப்பர்பெல்ட்டில் வளர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

#1 லுவான்ஷ்யா பையன் (பெர்த்)

ஜாம்பியாவின் காப்பர்பெல்ட், அதாவது கிட்வே, என்டோலா, லுவான்ஷ்யா, முஃபுலிரா, சிங்கோலா பக்கம் எழுபது, எண்பதுகளில் சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள் கொஞ்சம் கை தூக்குங்கள்.

எங்கள் கதை கோலார் தங்கவயலில் தொடங்குகிறது. தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், அப்பா அங்கேயே சர்வேயர். தங்கவயலில் தாது தேய்ந்துகொண்டே வந்தது (கடைசியில் 2001 பிப்ரவரியில் மூடியே விட்டார்கள்). ஆழ்சுரங்க அனுபவம் இருந்ததால் அப்பாவுக்கு ஜாம்பியாவின் தாமிரச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கிடைத்தது. நான் பிறந்ததே லுவான்ஷ்யா சுரங்க ஆஸ்பத்திரியில்தான். பள்ளிக்கூடம், சைக்கிள், முதல் சண்டை எல்லாம் அங்கேதான். அப்புறம் பெங்களூர், அதற்கப்புறம் பெர்த். இங்கேயும் சுரங்கம்தான், குடும்பத் தொழில் விடவில்லை.

எங்கள் வீட்டுத் தோட்டத்தில் கூரை உயரத்துக்கு ஒரு கறையான் புற்று இருந்தது. அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியும், காப்பர்பெல்ட் புற்றுகள் நம் ஊர்ப் புற்று மாதிரி முழங்கால் உயரம் கிடையாது, மேலே மரமே முளைத்து நிற்கும். அம்மா விடுவாரா? வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள், குங்குமம், ஒரு டம்ளர் பால். இந்தியப் பெண்கள் நாலைந்து பேர் ஆடி மாதம் கூடிவந்து கும்பிடுவார்கள். தோட்ட வேலைக்காரருக்கு அந்தப் பாம்பு சமாச்சாரம் பிடிக்கவே பிடிக்காது. வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பக்கத்துப் புல்லை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுவார்.

சரி, கேட்க வந்த விஷயம். மகள் கேப் டவுனில் மேல்படிப்புக்குச் சேர்ந்திருக்கிறாள். அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது லுவான்ஷ்யா போய் வரலாமா என்று யோசனை. மனைவிக்குச் சம்மதம். அம்மாதான் "வேண்டாம்டா, அது மனசுல இருக்கிறபடியே இருக்கட்டும்" என்கிறார். போய் வந்தவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

#2 என்டோலா கீதா (சென்னை)

கை தூக்கிவிட்டேன்! புற்றுக்குப் பால் ஊற்றிய கதையைப் படித்துச் சிரித்து மாளவில்லை.

புற்று என்றதும் எனக்கு ஈசல்தான். அங்கே இன்ஸ்வா என்பார்கள். அக்டோபர் வெயிலில் ஊரே காய்ந்து கிடக்கும், ஜகரண்டா பூத்து என்டோலாத் தெருக்களெல்லாம் ஊதாவாக இருக்கும். முதல் மழை விழுந்த சாயங்காலம் தெருவிளக்கைச் சுற்றி ஈசல் கொட்டும். பிள்ளைகள் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்துப் பிடிப்பார்கள். எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மாள் இறகைப் புடைத்துவிட்டு, எண்ணெயே இல்லாமல் வாணலியில் போடுவார். அதன் கொழுப்பிலேயே அது வறுபடும்.

ராமநாதபுரத்திலிருந்து பாட்டி வந்திருந்த வருஷம். என் அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட, பாட்டி நேராக அடுப்படிக்குப் போய், "அட, ஈசலு!" என்று உட்கார்ந்துவிட்டார். அரிசியைப் பொரித்து, பொட்டுக்கடலையும் காரமும் சேர்த்துக் கலந்து அந்த அம்மாள் கையில் ஒரு பிடி கொடுத்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடத் தெரியாது. மறுநாள் அந்த அம்மாள் தன் பிள்ளைகளையும் கூட்டிவந்துவிட்டார்.

போங்க சார். தாராளமாகப் போங்க.

#3 கசாமா சுதா (ஸ்காபரோ)

காப்பர்பெல்ட் ஆட்கள் மட்டும்தானோ? நாங்கள் வடக்கே கசாமா. சேர்த்துக்கொண்டால் கதைக்கிறேன்.

அப்பா அம்மா இரண்டு பேரும் வாத்திமார், யாழ்ப்பாணத்திலிருந்து கான்ட்ராக்டில் போனவர்கள். 1964 இல் சுதந்திரம் கிடைத்தபோது அந்த நாட்டில் பட்டதாரிகள் நூறு சொச்சம் பேர்தான். பள்ளிக்கூடங்களைக் கட்டிவிட்டுப் படிப்பிக்க ஆளில்லாமல் இருந்தார்கள். அதனால் கணக்கு, பௌதிகம், இரசாயனம் படிப்பிக்க எங்கட ஆட்கள் நிறையப் பேர் போனார்கள். நைஜீரியாவுக்கும் அப்படித்தான்.

முதலில் எல்லாருக்கும் ஒரே கணக்கு: இரண்டு கான்ட்ராக்ட், கிராஜுட்டிக் காசு, ஊரில் ஒரு கல்வீடு. பிறகு 83 கலவரம் வந்தது. அப்பா இரவில் சிற்றலை ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு, பிபிசி வரும் போகும், இரைச்சலுக்குள்ளே "கொழும்பு" என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருப்பார். கடிதம் வர ஒரு மாதத்துக்கு மேலாகும். அந்த வருடம் முடிகிற கான்ட்ராக்டை அப்பா மறுபேச்சில்லாமல் புதுப்பித்தார். கல்வீட்டுக் கதையை அதற்குப் பிறகு வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

சாப்பாடு என்றால் எனக்குக் கபெண்டாதான். தங்கனீக்கா ஏரியில் பிடிக்கிற சின்ன மீன். காயவைத்து, ம்புலுங்குவிலிருந்து லொறியில் சாக்குச் சாக்காக வரும். எங்கட நெத்தலிக் கருவாடேதான். அம்மா வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டுப் பிரட்டுவா. வகுப்புப் பிள்ளைகள் அதையே தக்காளி போட்டுத் தின்பார்கள். இடைவேளையில் மாற்றித் தின்றிருக்கிறோம்.

#4 வரப்பு (கோவை)

நான் ஆப்பிரிக்கா பக்கமே போனதில்லை, சும்மா படிக்க வந்தேன். அங்கே மூன்று வேளையும் என்ஷிமா என்கிறார்களே, அது நம் களிதானே?

#5 என்டோலா கீதா (சென்னை)

@வரப்பு ஏறக்குறைய களிதான். ராகிக்குப் பதில் வெள்ளை மக்காச்சோள மாவு. முதலில் கொஞ்சம் மாவைக் கரைத்துக் கஞ்சியாகக் கொதிக்கவிட வேண்டும். எரிமலை மாதிரித் தெறிக்கும், மூடிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். அப்புறம் மீதி மாவைக் கொட்டித் துடுப்பால் இறுகக் கிண்ட வேண்டும். தொட்டுக்கொள்ள, பூசணிக் கொழுந்தை நிலக்கடலைப் பொடி போட்டு வேகவைத்த ஒரு கீரை உண்டு, இஃபிசாஷி. சைவக்காரர்களுக்கு அதை விட்டால் வேறு கதியில்லை, அருமையாகவும் இருக்கும். மஞ்சள் சோள மாவு மட்டும் வேண்டாம். அது அங்கே வறட்சிக் காலத்தில் நிவாரணமாக வந்த மாவு, யாருக்கும் பிடிக்காது.

#6 கரும்பலகை (லண்டன்)

பேச்சு இனிப்பாகப் போகும்போது புளியைக் கரைப்பதற்கு மன்னிக்கவும். நானும் பங்களாப் பிள்ளைதான், முஃபுலிரா.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. வெளியே ஒரு குழாய், கூரைக்கு மேலே புகை. அதில்தான் சமையல்காரர் குடும்பத்தோடு இருந்தார். அப்பாவைவிட மூத்தவர். வீட்டில் அவரை இங்கிலீஷில் "பாய்", அதாவது பையன் என்றுதான் கூப்பிட்டோம், ஏழு வயதில் நானும்தான். அப்பாவுக்குத் தெரிந்த உள்ளூர்ப் பேச்சு சிலபலாபா மட்டும். சுரங்கத்தில் வெள்ளைக்கார ஃபோர்மன்கள் ஏவுவதற்கென்றே வளர்த்த கலப்பு மொழி அது. "எடு, போடு, சீக்கிரம்" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் பேச முடியாது. ஊரே பெம்பா பேசியது. எத்தனை தமிழ் வீட்டில் பெம்பா பேசினார்கள்?

அந்த வீடுகளே வெள்ளைக்காரர்களுக்காகச் சுரங்கக் கம்பெனிகள் கட்டியவை. ஆப்பிரிக்கத் தொழிலாளிக்குத் தனி டவுன்ஷிப், தனி ஆஸ்பத்திரி, தனிக் கிளப். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் காலி செய்தபோது அந்த வீடுகளில் நாமும் போய் உட்கார்ந்தோம். நம் அப்பாக்களின் சம்பளத்தில் ஒரு பங்கு அந்நியச் செலாவணியாக வெளியே போனது. பக்கத்து மேசையில் அதே வேலை பார்த்த ஜாம்பியருக்கு உள்ளூர்ப் பணமான குவாச்சா மட்டும்.

முஃபுலிராவில் 1970 செப்டம்பர் 25, இரவு ஷிஃப்ட். மேலே தேங்கியிருந்த கழிவுச் சேறு உடைத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கியது. 89 பேர் செத்தார்கள். அப்பா அங்கே வேலைக்குச் சேர்ந்தது அதற்கப்புறம்தான். வளர்கிற வயதில் அந்த 89 பேரைப் பற்றி வீட்டில் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. லண்டன் வந்து நூலகத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஜகரண்டா அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நாம் ஏங்குவது நாட்டுக்கா, அந்தப் பங்களாவுக்கா?

#7 கசாமா சுதா (ஸ்காபரோ)

அண்ணை, சுரங்கத்துக்கு அது சரியாக இருக்கலாம். வாத்திமார் பிள்ளைகளையும் அதே கூடைக்குள் போடாதேங்கோ. எங்கட வீடு பள்ளிக்கூட வளவுக்குள்ளே, பக்கத்து வீடு ஜாம்பிய வாத்தியார், அடுத்த வீடு கானாக்காரர். எல்லா வீட்டுக்கும் ஒரே தகரக் கூரை. எண்பதுகளில் சவர்க்காரம், சமையல் எண்ணெய், சீனி எதுவும் கடையில் இல்லை. அரசாங்கக் கடைக்கு லொறி வந்தது என்று கேள்விப்பட்டால் வகுப்பில் பாதிப்பேர் காணாமல் போவார்கள், படிப்பிக்கிறவர்கள் உட்பட. வரிசையில் என்ன விற்கிறார்கள் என்று தெரியாமலே போய் நிற்போம். ஒருநாள் அம்மா வெயிலில் நின்று வாங்கிக்கொண்டு வந்தது பூட்ஸ் பொலிஷ்! பக்கத்து வீட்டு வாத்தியாரம்மாவுக்கும் அதுதான் கிடைத்தது. இரண்டு பேரும் படியில் இருந்து சிரித்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பெம்பா? நானும் தம்பியும் சண்டை பிடிப்பதே பெம்பாவில்தான். இன்றைக்கும் ஸ்காபரோவில் பிள்ளைகளுக்கு விளங்கக்கூடாத விஷயத்தை அப்படித்தான் கதைக்கிறோம்.

ஆனால் காசு விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை. 1985 அக்டோபரில் அரசாங்கம் அந்நியச் செலாவணியை ஏலத்தில் விற்கத் தொடங்கியதும் குவாச்சா விழுந்த வீழ்ச்சியில் வெளிநாட்டு வாத்திமார் ஒவ்வொருவராக பொட்ஸ்வானா, லெசோத்தோ என்று கிளம்பினார்கள். நாங்களும்தான். பக்கத்து வீட்டுக்காரர் எங்கே போவார்?

#8 லுவான்ஷ்யா பையன் (பெர்த்)

@கரும்பலகை, நீங்கள் சொன்னதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. எங்கள் வீட்டுப் பின்னாலும் அதே அறை, அதே குழாய்.

ஆனால் வேலியைப் பிள்ளைகள் போடவில்லை. அது இருப்பதை மட்டும் எப்படியோ தெரிந்து வைத்திருந்தோம். 1986 டிசம்பரில் சோள மாவுக்கான மானியத்தை எடுத்து விலையை ஒரே அடியாக ஏற்றினார்கள், நினைவிருக்கிறதா? காப்பர்பெல்ட் முழுக்கக் கலவரம், கடைகள் எரிந்தன, பலர் செத்தார்கள். ஏற்றிய விலையை அதிபர் கவுண்டா திரும்ப இறக்கினார். கலவரத்தன்று அம்மா எங்களைக் குளியலறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். பின்னால் அந்த அறையில் இருந்த தோட்டக்காரரின் மகன் என் வயதுப் பையன், என்னோடு தினமும் பந்து விளையாடுகிறவன். அவனும் உள்ளே வரட்டும் என்று நான் அழுதேன். அம்மா கதவைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் வெளியிலிருந்து சன்னல் கம்பி வழியாக ரோட்டில் நடப்பதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். புகை எந்தப் பக்கம், போலீஸ் வண்டி எத்தனை, யார் தலையில் மூட்டையோடு ஓடுகிறார்கள். அவனுக்குப் பயமே இல்லை, கிரிக்கெட் வர்ணனை மாதிரிச் சொன்னான்.

நான் தேடிப் போவது பங்களாவை இல்லை சார். அவனை. உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாது.

#9 நெய்வேலிக்காரன் (கிட்வே)

நான் இப்போது கிட்வேயில் வேலை பார்க்கிறேன். உங்களுக்கெல்லாம் பழைய ஊர், எனக்கு நாளைக்குக் காலை ஷிஃப்ட்.

பங்களா ஏக்கம் என்று ஒருவர் கேட்டார். இங்கே என்னோடு வேலை செய்கிற ஜாம்பியர்களிடம் பேசிப் பாருங்கள். ஐம்பது வயது தாண்டியவர்கள் உங்களைவிட அதிகமாகப் பழைய காலத்தைப் பேசுவார்கள். 1982 இல் அரசு எல்லாச் சுரங்கத்தையும் ஒன்றாக்கி இசட்சிசிஎம் என்று வைத்திருந்ததே, அந்தக் காலம். வீட்டு பல்பு போனால் கம்பெனி மாற்றும். மாவு மலிவாகக் கிடைக்கும், பிறந்த குழந்தைக்கு நாப்கின்கூடக் கம்பெனி கொடுத்தது. கால்பந்து, நீச்சல், தையல் வகுப்பு, கொசுமருந்து எல்லாம் கம்பெனி. கசையடி மாதிரி உழைப்பு, ஆனால் பிறப்பிலிருந்து சாவு வரை அவர்கள் பொறுப்பு. எங்கள் நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். 1997 முதல் 2000 வரை துண்டு துண்டாக விற்றார்கள், எல்லாம் போயிற்று. வீடுகளைக் குடியிருந்த தொழிலாளிகளுக்கே விற்றார்கள். உங்கள் பங்களா பெரும்பாலும் இப்போது ஏதோ ஒரு ஓய்வுபெற்ற தொழிலாளியின் சொத்து. முன்புறத்தில் கோழிப்பண்ணையோ சலூனோ இருக்கும், பின்னறையை வாடகைக்கு விட்டிருப்பார்.

புற்றைத் தேட வேண்டாம். புற்று மண் செங்கலுக்கு நல்லது, வெட்டி எடுத்திருப்பார்கள்.

லுவான்ஷ்யா சுரங்கம் 2008 விலைச் சரிவில் மூடியது, மறு வருஷம் சீன நிறுவனம் எடுத்து நடத்துகிறது. ஊர் கொஞ்சம் சோர்ந்துதான் இருக்கிறது. புதுச் சுரங்கங்களெல்லாம் மேற்கே சோல்வேசி பக்கம் போய்விட்டன. கிட்வேயில் ராத்திரி உருகிய கசடைக் கொட்டி வானம் சிவக்குமே, அந்தக் கறுப்பு மலை இருக்கிறது. கசடில் மிச்சம் இருக்கிற தாமிரத்துக்காகப் பையன்கள் குடைகிறார்கள், ஜெராபோ என்று பெயர். 2018 இல் சரிந்து பத்துப் பேர் போனார்கள். அதனால் படம் எடுக்கிறேன் என்று பக்கத்தில் போகாதீர்கள்.

வருவதற்குச் சிரமம் இல்லை. என்டோலாவுக்கு 2021 இல் புது விமான நிலையம் வந்துவிட்டது, அடிஸ் அபாபா வழியாக விமானம் உண்டு. அங்கிருந்து லுவான்ஷ்யா காரில் ஒரு மணி நேரத்துக்குள். தோட்டக்காரர் மகனைத் தேடுவதென்றால் பழைய டவுன்ஷிப்பில் சர்ச்சில் விசாரியுங்கள், முனிசிபல் ஆபீஸில் வேண்டாம். ம்பத்தாமத்து, ரோவன் இரண்டு பக்கமும் ஞாயிற்றுக்கிழமை போனால் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள்.

#10 கசாமா சுதா (ஸ்காபரோ)

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், தயாராகப் போங்கோ.

நான் 2009 இல் கசாமா போனேன். வகுப்புப் படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு போனேன், ஒவ்வொருவரிடமும் காட்டிக் கேட்கலாம் என்று. எங்களோடு படித்த ஒரு பிள்ளை இப்போது அதே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறா. படத்தை மடியில் வைத்துக்கொண்டு விரலால் ஒவ்வொரு முகமாகத் தொட்டுக்கொண்டே போனா. "இவர் போய்விட்டார். இவவும். இவர் லுசாகாவில் இருக்கிறார். இவர் போய்விட்டார்." முன்வரிசையில் மூன்று பேர்தான் மிச்சம். தொண்ணூறுகளில் எய்ட்ஸ் அந்த நாட்டை எப்படி வாரிக்கொண்டு போனது என்று செய்தியில் படித்திருந்தேன். இலவச மருந்து பரவலாக வந்தது 2000களின் நடுவில்தான், எங்கட வகுப்புக்கு அது பிந்திவிட்டது.

நாங்கள் போரால் ஊரை விட்டவர்கள். இவ்வளவு காலமும் ஜாம்பியாவை, ஒன்றும் நடக்காத பத்திரமான இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட வாசலில் இருந்து அழுதேன். அவதான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தா. பிறகு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கபெண்டா சமைத்தா.

போனதற்கு வருத்தமில்லை, தம்பி. அம்மா சொன்னதையும் பிழை என்று சொல்லமாட்டேன்.

#11 கரும்பலகை (லண்டன்)

சுதா அக்கா, இதற்கு என்ன பதில் எழுத?

@நெய்வேலிக்காரன், வீடு தொழிலாளிக்கே போனது என்று படித்தபோது ஒரு திருப்தி. முஃபுலிராவில் அந்த 89 பேருக்கு நினைவுச்சின்னம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது? அந்தப் பக்கம் போகும்போது ஒரு படம் எடுத்துப் போட முடியுமா?

#12 நெய்வேலிக்காரன் (கிட்வே)

முஃபுலிராவுக்கு மாதம் ஒருமுறையாவது போகிறேன். அடுத்த முறை எடுத்துப் போடுகிறேன்.

#13 லுவான்ஷ்யா பையன் (பெர்த்)

எல்லாருக்கும் நன்றி. சுதா அக்கா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசவில்லை. அப்புறம், அந்தப் பையனுடைய அம்மா சர்ச்சில் பாடுவாரே, எந்தச் சர்ச் என்று தனக்குத் தெரியும் என்றார். இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாத விஷயம். கலவரத்தன்று கதவைத் திறக்காததைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் பேச்செடுக்கவில்லை.

ஜூலையில் டிக்கெட் பார்க்கிறேன். குளிராக இருந்தாலும் மழை இருக்காது. கீதா மேடம், ஈசல் கிடைக்காது, என்ன செய்ய!

#14 என்டோலா கீதா (சென்னை)

ஜூலையில் ஈசலும் இல்லை, மாம்பழமும் இல்லை. யாராவது அந்த மாதத்தில் போவார்களா? கால்பந்துச் சட்டை ஒன்று வாங்கி வாருங்கள், ஜாம்பியா பச்சை. 1988 இல் சியோல் ஒலிம்பிக்ஸில் இத்தாலியை 4-0 என்று அடித்தபோது கலுஷா பிவால்யா போட்ட மூன்று கோலையும் இன்றைக்கும் என் தம்பி நடித்துக் காட்டுவான். 93 இல் காபோன் கடலில் அந்த அணியின் விமானம் விழுந்தபோது சென்னையில் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை, பக்கத்து வீட்டாருக்குக் காரணம் சொல்லிப் புரிய வைக்கவும் முடியவில்லை. 2012 இல் அதே காபோனில் ஆப்பிரிக்கக் கோப்பையை வாங்கினார்களே, அன்றைக்கு ராத்திரி தம்பி மொட்டைமாடியில் வெடி வெடித்தான். தெருவில் எல்லாரும் ஏதோ கல்யாணம் என்று நினைத்தார்கள்.

#15 செம்புத்தூள் (சிட்னி)

வணக்கம், இன்றைக்குத்தான் உறுப்பினரானேன். முஃபுலிரா, 1979 முதல் 88 வரை. அம்மா மால்கம் வாட்சன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். உருக்காலைக் கந்தகப் புகை, அங்கே சென்டா என்பார்கள், காற்று திரும்பினால் தொண்டையைப் பிடிக்குமே. எங்கள் கறிவேப்பிலைச் செடி ஒருநாளும் ஓர் ஆள் உயரத்துக்கு வந்ததில்லை.

கரும்பலகை சார், நீங்கள் எந்த அவென்யூ? உங்கள் வீட்டில் சிவப்பு டட்சன் இருந்ததா?

#16 கரும்பலகை (லண்டன்)

இருந்தது. தனிமடல் அனுப்புகிறேன்.